ஃப்ரிட்ஜ் கதவில் ஐஸ் விழாதபோது: பழுதை நீங்களே கண்டறியவும் சரிசெய்யவும்

சைடு பை சைடு என்று கடைகளில் சொல்கிற, பக்கவாட்டில் இரண்டு கதவுகள் திறக்கும் பெரிய ஃப்ரிட்ஜை வாங்கியவர்களில் பலர் முதல் கோடையிலோ இரண்டாம் கோடையிலோ ஒரு தொல்லையைச் சந்திக்கிறார்கள். கதவின் முன்பக்கத்தில் டம்ளரை வைத்து லீவரை அழுத்தினால் ஐஸ் கட்டிகள் விழ வேண்டும். ஆனால் உள்ளே உறுமல் மட்டும் கேட்கிறது, அல்லது எந்த ஓசையும் கேட்பதில்லை. சென்னையில் எங்கள் வீட்டில் இது நேர்ந்தபோது, பார்க்க வந்த மெக்கானிக் லீவரை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டு அவரை அனுப்பிவிட்டு, அன்று மாலை நானே பக்கெட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. பக்கெட்டிலிருந்த ஐஸ் முழுவதும் ஒரே பாறையாக இறுகி, அதைத் தள்ளும் சுருளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு உறவினர்கள், அக்கம்பக்கத்தார் வீடுகளிலும் இதே வகைப் பழுதுகளைப் பார்த்துவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை பாகங்கள் கெட்டதால் வந்தவை அல்ல. பனி, ஈரம், தண்ணீரின் அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்றால் வந்தவை. ஆகவே எந்தத் திருகையும் கழற்றுவதற்கு முன்னால், ஐஸ் எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இந்தக் கட்டுரை பெரிதும் அதைப் பற்றியதே.

ஐஸ் வரும் வழி

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஐஸ் மேக்கர் வேறு, ஐஸ் டிஸ்பென்சர் வேறு. தண்ணீரை ட்ரேயில் நிரப்பி, உறையவைத்து, கட்டிகளைப் பக்கெட்டில் கொட்டுவது ஐஸ் மேக்கரின் வேலை. பக்கெட்டில் சேர்ந்த கட்டிகளை நம் டம்ளருக்குக் கொண்டுவருவது டிஸ்பென்சரின் வேலை. இரண்டும் தனித்தனி மோட்டார்களில், தனித்தனிச் சுவிட்சுகளின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. எனவே ‘ஐஸ் வரவில்லை’ என்று தோன்றும்போது ஃப்ரீசர் கதவைத் திறந்து பக்கெட்டைப் பாருங்கள். பக்கெட் நிறைய ஐஸ் இருந்தும் விழவில்லை என்றால் பழுது டிஸ்பென்சரில் இருக்கிறது. பக்கெட் காலியாக இருந்தால் டிஸ்பென்சரைத் தொடவே வேண்டாம். தண்ணீர் வரும் பாதையையும் ஐஸ் மேக்கரையும் ஆராய வேண்டும். இந்த ஒரு பார்வையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

டிஸ்பென்சர் இயங்கும் முறையையும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். டம்ளர் லீவரைத் தள்ளுகிறது. லீவருக்குப் பின்னால் உள்ள சிறிய சுவிட்ச் அழுந்துகிறது. கதவில் ஐஸ் விழும் துவாரத்தை அடைத்திருக்கும் மூடி திறக்கிறது. அதனுடன் மோட்டார் சுழன்று, பக்கெட்டினுள் நீளவாக்கில் கிடக்கும் சுருளைத் திருப்புகிறது. சுருள் கட்டிகளை முன்னோக்கித் தள்ளத் தள்ள அவை துவாரத்தின் வழியாக விழுகின்றன. டம்ளரை எடுத்தவுடன் மோட்டார் நின்றுவிடும். ஆனால் துவார மூடி மட்டும், வழியில் தங்கிய கடைசிக் கட்டிகளும் விழட்டும் என்று சில வினாடிகள் திறந்தே இருந்துவிட்டு, பிறகு ‘டுக்’ என்ற ஓசையுடன் மூடிக்கொள்ளும். அந்த ஓசையை நினைவில் வைத்திருங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

கை வைப்பதற்கு முன்

பக்கெட்டைக் கழற்றி மாட்டுவதைத் தவிர வேறு எந்த வேலையையும் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிய பிறகே தொடங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீடுகளில் ஒயர்கள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும் சாக்கெட்டுகள் உண்டு, அவற்றில் சுவிட்சை அணைத்தாலும் 230 வோல்ட் உள்ளே இருக்கும். ஸ்டெபிலைசர் வழியாக இணைத்திருந்தால் அதிலிருந்தும் பிளக்கை உருவிவிடுங்கள்.

அடுத்த எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. உறைந்த ஐஸை உடைக்கக் கத்தி, ஸ்க்ரூடிரைவர், சுத்தியல் எதையும் ஃப்ரீசருக்குள் கொண்டுபோகக் கூடாது. இன்று விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் வாயு நிரப்பப்பட்டிருக்கிறது. அளவு குறைவுதான் என்றாலும் அது தீப்பற்றக்கூடியது. ஃப்ரீசர் சுவருக்குப் பின்னால் ஓடும் மெல்லிய குழாயில் ஒரு துளை விழுந்தால் வாயு கசியும்; ஃப்ரிட்ஜும் ஏறக்குறைய முடிந்துபோகும். மெழுகுவத்தி, லைட்டர் போன்றவற்றால் சூடு காட்டுவதும் கூடாது. பனியைக் கரைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் துணியும் பொறுமையும் போதும்.

மூன்றாவதாக, பிளக் செருகியிருக்கும் நேரத்தில் பக்கெட்டினுள் விரலை விடாதீர்கள். ஐஸைத் தூளாக்கும் கத்திகள் அதன் முன்பகுதியில்தான் இருக்கின்றன. ஃப்ரீசர் கதவு திறந்திருக்கையில் மோட்டார் ஓடக் கூடாது என்பதற்காகவே கதவுச் சுவிட்ச் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சோதனைக்காக அதை விரலால் அழுத்திக்கொண்டு வேறொருவரை லீவரைத் தள்ளச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

முகப்புப் பலகையில் பூட்டுப் படம் ஒளிர்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் விளையாடாமலிருக்க வைத்த பூட்டு அது. துடைக்கும்போது கை பட்டுத் தானாக விழுந்துவிடுவது மிகச் சாதாரணம். பெரும்பாலான மாடல்களில் அந்தப் பொத்தானை மூன்று வினாடிகள் அழுத்திப் பிடித்தால் பூட்டு விலகும். பிறகு, ‘ஐஸ் ஆஃப்’ என்ற அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல்களில் ஐஸ் மேக்கரின் பக்கத்தில் ஒரு கம்பிக் கை தொங்கும். அது மேலே தூக்கி மாட்டப்பட்டிருந்தால் ஐஸ் மேக்கர் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். கீழே இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது கதவுச் சுவிட்ச். ஃப்ரீசர் கதவைத் திறந்து, சட்டத்திலுள்ள சிறிய பொத்தானை விரலால் அழுத்தினால் உள்விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால், கதவு மூடியிருக்கிறது என்பதையே ஃப்ரிட்ஜ் அறியவில்லை. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. சில புதிய மாடல்களில் பொத்தானுக்குப் பதிலாகக் காந்த உணரி இருக்கும். அவற்றில் கதவு முழுமையாகச் சாத்துகிறதா, உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் பாத்திரம் ஏதாவது தடுக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைசியாக, பக்கெட் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரின் முனையில் இரு கால் பிரிந்த ஒரு கவை இருக்கும். பக்கெட்டின் பின்புறத்திலுள்ள சுருளின் முனை அதில் பொருந்த வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால் பக்கெட் கடைசி ஒரு விரல் அளவு உள்ளே போகாமல் நிற்கும். அப்போது அழுத்தித் திணிக்காமல், பக்கெட்டை வெளியே எடுத்துக் கவையைக் கையால் கால் சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி பொருத்துங்கள்.

காதால் பழுது பார்த்தல்

மேற்கண்டவை சரியாக இருந்தும் ஐஸ் விழவில்லை என்றால், வீட்டில் மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காதைக் கதவருகில் வைத்துக்கொண்டு லீவரை அழுத்துங்கள். மோட்டார் முனகுகிறது, ஆனால் எதுவும் சுழல்வதாகத் தெரியவில்லை என்றால் சுருள் எதிலோ சிக்கியிருக்கிறது. பத்தில் எட்டு முறை அது இறுகிய ஐஸ்தான். ‘டக்... டக்... டக்’ என்று சீரான இடைவெளியில் தட்டும் ஓசை வந்தால் மோட்டாரின் பல்சக்கரமோ கவையோ தேய்ந்து, பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. சுழலும் ஓசையும் கட்டிகள் உருளும் ஓசையும் தெளிவாகக் கேட்டும் டம்ளரில் எதுவும் விழவில்லை என்றால் துவார மூடி திறக்கவில்லை, அல்லது விழும் வழி அடைத்திருக்கிறது. முழு அமைதி என்றால் மின்சாரமே மோட்டாரைச் சென்றடையவில்லை. சுவிட்சுகளையும் ஒயர்களையும் பார்க்க வேண்டும்.

பாறையாக இறுகிய ஐஸ்

மிகுதியாக நேர்வதும், முழுக்க நம் கையாலேயே சரிசெய்யக்கூடியதும் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஐஸ் மேக்கரை நிறுத்திவிட்டுப் பக்கெட்டின் முன்பகுதியை இலேசாகத் தூக்கி, இரண்டு கைகளாலும் முன்னோக்கி இழுங்கள். நிறைந்த பக்கெட் மூன்று நான்கு கிலோவாவது இருக்கும். ஒற்றைக் கையால் இழுத்தால் நழுவும். வெளியே எடுத்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஆரோக்கியமான ஐஸ் கட்டிகள் தனித்தனியாக, அசைத்தால் கலகலவென்று உருளும். நான் அன்று பார்த்தது வேறு விதமாக இருந்தது: கட்டிகளின் கூர்முனைகள் எல்லாம் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, நூலில் படிந்த கற்கண்டைப் போலச் சுருளின் கம்பியைச் சுற்றி வளர்ந்திருந்தன. கம்பி எங்கே முடிகிறது, ஐஸ் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

பக்கெட்டைச் சமையலறைத் தொட்டியில் வைத்து, குளிர்ந்த குழாய்த் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீரை நேரே ஊற்றிவிடாதீர்கள். உறைகுளிரில் இருந்து வந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். ஐஸ் முழுவதும் தானாகக் கழன்று வரும்வரை காத்திருங்கள். சுருளைக் கையால் பிடித்துத் திருகி விடுவிக்க முயன்றால் அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் பிடி உடையும். ஐஸ் போன பிறகு சிறிது சமையல் சோடாவைக் கரைத்த நீரால் பக்கெட்டைக் கழுவி, பருத்தித் துணியால் துடைத்து, விசிறியின் கீழே குறைந்தது ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். இந்த உலர்த்தலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுருளின் மடிப்புகளிலும் தூளாக்கும் கத்திகளுக்கு இடையிலும் தங்கிய ஈரம், பக்கெட் ஃப்ரீசருக்குள் போனதும் உறைந்து, முதலில் விழும் கட்டிகளைப் பிடித்துக்கொள்ளும். மூன்றே நாளில் பழைய கதை திரும்பும்.

பக்கெட் வெளியே இருக்கும்போதே மோட்டாரையும் சோதித்துவிடலாம். மோட்டாரின் கவையில், மேல்நோக்கி இருக்கும் பக்கத்தில், ஒரு சிறு துண்டு டேப் ஒட்டுங்கள். கதவைச் சாத்தி, லீவரை இரண்டு வினாடி அழுத்திவிட்டு, கதவைத் திறந்து பாருங்கள். டேப் வேறு திசைக்கு நகர்ந்திருந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதை மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. பக்கெட் இல்லாவிட்டால் மோட்டாரை ஓடவிடாத மாடல்களும் உண்டு. அவற்றில் உலர்ந்த காலிப் பக்கெட்டைப் பொருத்தி, சுழலும் ஓசையைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஐஸ் ஏன் இறுகியது என்று கண்டுபிடிக்காமல் விட்டால் இந்த வேலையை மாதாமாதம் செய்ய வேண்டியிருக்கும். முதல் காரணம் பயன்படுத்தாமை. வாரக்கணக்கில் எடுக்காத ஐஸின் மேற்பரப்பு ஃப்ரீசரின் வறண்ட காற்றில் நேரடியாக ஆவியாகி, அந்த ஆவி பக்கத்துக் கட்டிகளின் இடுக்குகளில் மறுபடி பனியாகப் படிகிறது. கட்டிகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் ஐஸ் தேவைப்படாத வீடுகளில் இது உறுதியாக நடக்கும். தேவையில்லாத மாதங்களில் ஐஸ் மேக்கரை நிறுத்தி, பக்கெட்டைக் காலி செய்து வைப்பதே நல்லது. இரண்டாவது காரணம் மின்வெட்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், இடையே கதவையும் இரண்டு முறை திறந்துவிட்டால், கட்டிகளின் மேற்புறம் இளகி, மாலையில் மின்சாரம் வந்ததும் ஒரே கட்டியாக உறைந்துவிடும். அத்தகைய நாள் முன்கூட்டியே தெரிந்தால், அன்று காலையில் ஐஸை ஒரு மூடிபோட்ட டப்பாவில் கொட்டி ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்துவிட்டு, பக்கெட்டைக் காலியாக விடுங்கள். மூன்றாவது காரணம் துவார மூடி.

சரியாக மூடாத துவாரம்

ஃப்ரீசருக்குள் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். வெளியே, கடற்கரையை ஒட்டிய ஊர்களில், ஈரம் நிறைந்த 32 டிகிரி. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது உள்ளங்கை அளவுள்ள ஒரு மூடியும் அதன் விளிம்பிலுள்ள ரப்பர் கேஸ்கெட்டும்தான். அந்த மூடி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நின்றாலும் ஈரக்காற்று இரவு பகலாக உள்ளே ஏறி, பக்கெட்டின் முன்பகுதியில் பனியாகப் படியும். ஐஸ் பாறையாவது பக்கெட்டின் பின்புறத்தை விட முன்புறத்திலேயே அதிகமாக இருந்தால், முதல் சந்தேகம் இந்த மூடியின் மேல்தான் விழ வேண்டும்.

அறிகுறிகள் வேறும் உண்டு. டம்ளர் வைக்கும் குழிவில் வியர்த்திருக்கும், கீழ்த்தட்டில் தண்ணீர் சொட்டியிருக்கும். துவாரத்துக்கு நேர்கீழே உள்ளங்கையை வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். குளிர்காற்று இறங்குவது தெரிந்தால் மூடி சரியாக அடைக்கவில்லை. லீவரை அழுத்தி விட்ட பிறகு, முன்பு சொன்ன அந்த ‘டுக்’ ஓசை வருகிறதா என்று கேளுங்கள். வரவே இல்லை என்றால் மூடியை இயக்கும் பொறியமைப்பு சிக்கியிருக்கிறது. வந்தும் குளிர்காற்று கசிகிறது என்றால், விளிம்பில் ஐஸ் துணுக்கு ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கேஸ்கெட் இறுகிப்போய் வளையாமல் நிற்கிறது.

பிளக்கை உருவிவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துவாரத்தின் கீழிருந்து மூடியின் விளிம்பைச் சுற்றி ஒற்றியெடுங்கள். தேய்க்க வேண்டாம், சூடு பட்டாலே பனி விட்டுவிடும். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, விரல்நுனியால் மூடியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அது எளிதாகத் திறந்து, ஸ்ப்ரிங்கின் விசையால் தானாகவே மூட வேண்டும். மூடும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்து மூடவிட்டு இழுத்தால், காகிதம் இறுக்கமாகப் பிடிபட்டு வர வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் மூடியும் கேஸ்கெட்டும் ஒரே பாகமாகக் கிடைக்கும். பழைய கேஸ்கெட்டைப் பசையிட்டு ஒட்டிப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாம் குடிக்கும் தண்ணீரில் போடும் ஐஸ் அதைத் தொட்டுக்கொண்டே விழுகிறது.

பக்கெட் காலியாக இருந்தால்: தண்ணீரின் பாதை

முதலில் ஃப்ரீசரின் குளிர். மைனஸ் 18 டிகிரியே பொருத்தமான அளவு. குளிர் குறைந்து மைனஸ் 12-க்கு மேல் போனால் ஐஸ் உருவாவது மிகவும் மெதுவாகிவிடும். குளிர் சரியாக இருந்தும் ட்ரே வறண்டு கிடந்தால் தண்ணீர் வந்துசேரவில்லை. குழாய் இணைப்பு இல்லாமல், உள்ளே ஒரு தொட்டியில் நாமே தண்ணீர் ஊற்றும் மாடலாக இருந்தால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, அது இடத்தில் நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

குழாய் இணைப்புள்ள மாடல்களில், ட்ரேயின் மேலே பின்புறத்தில் நீர் விடும் சிறிய டியூபின் முனை தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் வாய் வெள்ளையாக அடைத்திருப்பது பல வீடுகளில் கண்ணுக்குத் தெரியும். உள்ளே தண்ணீர் உறைந்துவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, கீழே துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, டியூபின் வாயில் சிறிது சிறிதாகப் பீய்ச்சுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்தபின் ஓர் ஐஸ் குச்சி நழுவி விழும். எங்கள் வீட்டில் விழுந்தது ஒரு சாக்பீஸ் நீளம் இருந்தது. சிந்திய தண்ணீரை முழுவதும் துடைத்தெடுத்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும்.

எங்கள் டியூப் இரண்டே வாரத்தில் மறுபடியும் அடைத்துக்கொண்டது. காரணத்தைத் தேடிப் போனபோதுதான் அடுக்குமாடி வீடுகளில் பலரும் அறியாத ஒரு கணக்கு எனக்குப் புரிந்தது. மொட்டைமாடித் தொட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையே செங்குத்தாக 10 மீட்டர் உயரம் இருந்தால் சுமார் 14 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் விழும் அழுத்தத்தைப் பவுண்டில் சொல்லும் அளவு) அழுத்தம் கிடைக்கும். ஃப்ரிட்ஜ் கையேடுகளோ மாடலைப் பொறுத்துக் குறைந்தது 20, 30, சிலவற்றில் 40 பி.எஸ்.ஐ. கேட்கின்றன. தொட்டிக்கு நேர்கீழே இருக்கும் மேல்தள வீட்டில் உயரம் 3 அல்லது 4 மீட்டர்தான் என்பதால் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. தாண்டாது. தொட்டி பக்கத்திலேயே இருக்கிறதே, தண்ணீர் நன்றாக வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் கட்டடத்திலேயே அழுத்தம் மிகக் குறைந்த வீடு அதுதான். குறைந்த அழுத்தத்தால் ஐஸ் கட்டிகள் சிறிதாகவும் உள்ளீடற்றும் வருவது ஒரு பக்கம். ட்ரேக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு அடைக்கும், ஃப்ரிட்ஜின் பின்னாலுள்ள மின்வால்வு, மூடும்போது தண்ணீரின் அழுத்தத்தையே துணையாகக் கொண்டு இறுக மூடிக்கொள்வது இன்னொரு பக்கம். அழுத்தம் போதாவிட்டால் அது முழுதாக மூடாமல் துளித்துளியாகக் கசியும். கசிந்த துளிகள் டியூபின் நுனியில் உறையும். வால்வை மாற்றினாலும் இந்தக் கோளாறு திரும்பி வருவதன் காரணம் இதுவே.

கதவில் குடிநீரும் வரும் ஃப்ரிட்ஜாக இருந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம்: 240 மி.லி. அளவுள்ள டம்ளர் சுமார் எட்டு வினாடிகளுக்குள் நிறைய வேண்டும். அதைவிட அதிக நேரம் எடுத்தால், ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அல்லது அதற்குப் பதில் மாட்டும் மூடியைப் பொருத்திவிட்டு, மறுபடி பாருங்கள். வேகம் கூடினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் ஃபில்டர், ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். புதியதை மாட்டிய பிறகு மூன்று நான்கு லிட்டர் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று, நீரின் ஓட்டத்தைக் கெடுக்கும். வேகம் கூடவில்லை என்றால் அழுத்தமே குறைவு, ஆர்.ஓ. இயந்திரங்களுக்கென விற்கும் சிறிய பம்பை, தானாக நிற்கும் அழுத்தச் சுவிட்சுடன், பிளம்பரைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தொட்டியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு நேரே டியூப் இழுப்பது பலனளிக்காது, ஏனெனில் அந்தத் தொட்டியில் அழுத்தம் என்பதே இல்லை.

அழுத்தமும் ஃபில்டரும் சரியாக இருந்தால் வால்வின் வாயிலைப் பாருங்கள். தண்ணீர்க் குழாயை அடைத்து, பிளக்கை உருவி, ஃப்ரிட்ஜை முன்னால் நகர்த்தி, பின்புறக் கீழ்மூடியைக் கழற்றினால் வால்வு தெரியும். கால் இஞ்ச் டியூபைக் கழற்ற, அதைச் சுற்றியுள்ள வளையத்தைச் சீராக உள்நோக்கி அழுத்திக்கொண்டு டியூபை நேராக இழுக்க வேண்டும். உள்ளே ஒரு சிறு வலை இருக்கும். மணலும் சுண்ணாம்பும் படிந்திருந்தால் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் துடைத்து அலசுங்கள், குண்டூசியால் குத்தாதீர்கள். வலை கிழிந்திருந்தால் வால்வையே மாற்றுவதுதான் முறை, ஏனென்றால் உள்ளே போகும் மணல் துகள் வால்வை என்றும் மூடவிடாது.

முழு அமைதி: சுவிட்சும் மோட்டாரும்

லீவரை அழுத்தினால் எந்த ஓசையும் இல்லாத நிலையில், மின்இணைப்பு அறுந்திருக்கிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டர் தேவைப்படும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். பிளக்கை உருவிவிட்டு, டிஸ்பென்சர் முகப்பைக் கழற்றுங்கள்; திருகுகள் பெரும்பாலும் சொட்டுத்தட்டின் அடியில் ஒளிந்திருக்கும். முகப்பின் பின்னால் தட்டையான மெல்லிய கேபிள் ஒன்று வரும். அதை இழுத்து அறுத்துவிடாமல், கழற்றுவதற்கு முன்பே அது இருக்கும் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லீவருக்குப் பின்னாலுள்ள சிறிய சுவிட்சின் ஒயர்களைக் கழற்றி, மீட்டரை ஒலியெழுப்பும் நிலையில் வைத்து இரு முனைகளிலும் தொடுங்கள். சுவிட்சை அழுத்தும்போது மீட்டர் ஒலித்து, விட்டதும் நிற்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஒலிக்காவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. மாடல் எண்ணைச் சொல்லி வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது. லீவரின் பிளாஸ்டிக் கால் உடைந்து சுவிட்சைத் தொடாமலேயே நிற்பதும் உண்டு, அதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இதே முறையில் மோட்டாரின் இரு முனைகளை, மின்தடையைக் காட்டும் ஓம் அளவில் சோதித்தால் ஏதாவது ஓர் எண் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

தூள் ஐஸ் கேட்டால் முழுக்கட்டியும், முழுக்கட்டி கேட்டால் தூளும் வருகிற குறை, அநேகமாகப் பக்கெட்டின் முன்னாலுள்ள கத்தியருகே ஒரு துணுக்கு மாட்டியதால்தான். பக்கெட்டைக் கழுவி உலர்த்தினால் சரியாகும். தூளுக்குப் பிறகு முழுக்கட்டிக்கு மாற்றும்போது முதலில் கொஞ்சம் தூள் விழுவது இயல்பானதே.

இவ்வளவும் பார்த்த பிறகும் பழுது பிடிபடாமல், மின்சுற்றுப் பலகையின் மேல் சந்தேகம் எழுந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் வகை ஃப்ரிட்ஜ்களில் பிளக்கை உருவிய பிறகும் அந்தப் பலகையிலுள்ள மின்தேக்கிகளில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய வாடை, ஃப்ரிட்ஜைத் தொட்டால் ‘சுர்’ரென்ற உணர்வு, ஃப்ரீசரே குளிராத நிலை ஆகியவற்றிலும் மெக்கானிக்கை அழைப்பதே சரி. உத்தரவாதக் காலம் முடியாத ஃப்ரிட்ஜில் பக்கெட், மூடி, ஃபில்டர் ஆகியவற்றைத் தாண்டி எதையும் கழற்றாதீர்கள். மெக்கானிக் வரும்போது, எந்த ஓசை கேட்டது, டேப் நகர்ந்ததா, டம்ளர் எத்தனை வினாடியில் நிறைந்தது என்று நீங்கள் குறித்துவைத்ததைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரிடம் யாரும் எளிதில் மோட்டாரை மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றையும் பொருத்திப் பிளக்கைச் செருகிய பிறகு உடனே லீவரை அழுத்திப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஃப்ரீசர் பழைய குளிருக்குத் திரும்பி, ட்ரே நிறைந்து, உறைந்து, கொட்டி, பக்கெட்டின் அடி மறையும் அளவுக்கு ஐஸ் சேர ஒரு முழு நாள் ஆகும். குழாய் இணைப்பையோ ஃபில்டரையோ தொட்டிருந்தால் முதல் இரண்டு மூன்று முறை விழும் ஐஸைப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். அதன்பின் டம்ளரை வைத்து அழுத்தி, கட்டிகள் விழுந்து முடிந்ததும், டம்ளரை எடுத்துவிட்டு ஒரு கணம் அங்கேயே நில்லுங்கள். துவார மூடி ‘டுக்’கென்று மூடுவது காதில் விழுந்த பிறகு நகருங்கள்.